தோரன்பி என்ற பெயர் வந்த வழி

பாசி வருவேனா என்று அடம் பிடித்தது.

பெர்னார்ட் தோரன்பி முழங்காலுக்குக் கீழே ஒரு பழைய தலையணையைப் போட்டுக்கொண்டு, தேவாலயத்தின் பின்புறம் இருந்த கல்லறைக் கல்லைக் கழிப்பறைத் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தார். கடையில் வாங்கிய புதுத் தூரிகைதான். இருந்தாலும் முன்னோரின் கல்லை இதனாலா தேய்ப்பது என்று அவருக்கே கூச்சமாக இருந்ததால், யாராவது அந்தப் பக்கம் நடந்து போனால் அதைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

எல்லாம் லாட்டிமரால் வந்த வினை.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் தோரன்பி என்பது எங்கள் ஊரின் பெயர். பெர்னார்டின் குடும்பப் பெயரும் அதுவே. ஒவ்வொரு கோடையிலும் ஊர்த் திருவிழாவை மேடையேறி வெண்கலக் கைமணியை அடித்துத் தொடங்கி வைப்பது அவர் குடும்பத்தின் உரிமை. அவர் தாத்தா அடித்தார், அப்பா அடித்தார், இப்போது இவர் அடிக்கிறார். வருஷத்தின் மற்ற நாட்களில் இவரைக் கண்டு ஊரில் யாரும் பெரிதாகச் சிரிப்பதில்லை. காரணம், அவர் ஓய்வு பெறும்வரை கார் ஓட்டும் தேர்வு நடத்தும் அதிகாரியாக இருந்தார். ஊரில் பாதிப் பேரைத் தோற்கடித்தவர். அதில் நானும் உண்டு. அந்தக் கோபத்தில் இந்தக் கதையைச் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஒரு நாள், அந்த ஒரு மணி, அதுதான் பெர்னார்டுக்கு உயிர். அதில் கைவைத்தவர் பியர்ஸ் லாட்டிமர். லண்டனில் சம்பாதித்து, எங்கள் ஊர்ப் பெரிய மாளிகையை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தவர்.

விழாக் குழுக் கூட்டத்தில் அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"நான் மாளிகையை வாங்கும்போது ஊர்ப் பிரபுங்கிற பட்டத்தையும் சேர்த்துத்தான் வாங்கினேன். அப்ப மணி அடிக்கிறது நானாத்தானே இருக்கணும்?"

தேநீர்க் கடை போடும் டோரீன் பக்கிள் அம்மாள் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். முன்னாளில் ஊருக்கே முடி வெட்டியவர். ராஜாவே வந்தாலும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்.

"மணி தாமஸ் தோரன்பி வம்சத்துக்குத்தான், கண்ணு. பிரபுவுக்கு வேணும்னா முதல் துண்டு கேக் தர்றோம்."

"ஏன் அப்படி?"

டோரீன் பெர்னார்டைப் பார்த்தார். பிறகு தேநீரைப் பார்த்தார். குழுவில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தங்கள் கோப்பையைக் கலக்க ஆரம்பித்தார்கள்.

"அது பழைய வழக்கம்" என்றார் டோரீன். "அதையெல்லாம் போட்டு உடைக்கக் கூடாது."

பெர்னார்டுக்கு நெஞ்சு விம்மியது. காரணத்தை வாய்விட்டுச் சொல்வதுகூட மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்களே, எப்பேர்ப்பட்ட ஜனங்கள்.

"சரி, இவர் அந்தத் தாமஸோட வம்சம்தான்னு எப்படி நம்புறது?" என்றார் லாட்டிமர். "பேரு ஒண்ணா இருந்தா போதுமா? லண்டன்ல எனக்கு நாலஞ்சு லாட்டிமரைத் தெரியும். ஒருத்தன்கூட எனக்குச் சொந்தம் இல்ல."

பெர்னார்ட் எழுந்து நின்றார்.

"தாமஸ் என் தாத்தாவோட தாத்தாவுக்கு அப்பா. அவர் கல்லறையில எல்லாம் செதுக்கியிருக்கு. பாசியைச் சுரண்டிக் காட்டறேன். சனிக்கிழமை விழாவுக்கு வரும்போது நீங்களே படிச்சுக்கங்க."

பாதிரியம்மா கில்லியன் கைதட்டினார். "அருமை. அந்தக் கல்லைப் பார்க்கணும்னு எனக்கும் ரொம்ப நாளா ஆசை."

அப்படித்தான் வியாழக்கிழமை மதியம் பெர்னார்ட் தூரிகையும் கையுமாக மண்டியிட்டிருந்தார்.

பெயரைப் பற்றி அவருக்குச் சந்தேகமே கிடையாது. குளிர்காலம் வந்தால் ஊர்க் கூடத்தில் அதைப் பற்றிப் பேசுவார். 'பி' என்றால் பழைய டேனிஷ் மொழியில் குடியிருப்பு. தோரன் என்பவன் கப்பலில் வந்து இறங்கிய மாவீரன். அவன் அமர்ந்த இடம் தோரன்பி, அவன் பிள்ளைகள் தோரன்பிகள். இதைக் கொம்பு வைத்த வைக்கிங் தொப்பி போட்டுக்கொண்டு சொல்வார். ஊர் ஜனங்கள் பிஸ்கட்டைக் கடித்தபடி கடைசிவரை கேட்பார்கள். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறோம் என்று பெர்னார்ட் எடுத்துக்கொண்டார்.

பாசி ஒருவழியாக இளகியது. முதல் வரி வந்தது. 'தாமஸ் தோரன்பி.' அடுத்த வரியில் 'இவ்வூரின்' என்பது வந்தது.

பெர்னார்ட் உடனே மனைவி ஹில்டாவைப் போனில் கூப்பிட்டார்.

"ஹில்டா, வந்துட்டுது. 'இவ்வூரின்'னு போட்டிருக்கு. அடுத்தது தலைவன்னு வரும் பாரு. இல்லேன்னா காவலன். தேநீர் எடுத்துட்டு வா, சேர்ந்து படிப்போம்."

ஹில்டா குடுவையோடு வந்து சேர்ந்தபோது பெர்னார்ட் புல்லில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. தூரிகை கையிலிருந்து நழுவிக் கிடந்தது.

"என்னாச்சு? நெஞ்சு வலிக்குதா?"

அவர் கல்லைச் சுட்டிக் காட்டினார். ஹில்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக, வாய்விட்டுப் படித்தார்.

"தாமஸ் தோரன்பி. இவ்வூரின் பிள்ளை. இத்தேவாலய வாசலில் வெண்ணெய்க் கூடையில் கிடந்தான். பெற்றவர் யாரென்று அறியோம். பெயரில்லாதவனுக்கு ஊர் தன் பெயரைக் கொடுத்தது." அதன் கீழே பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. மூத்தவன் ஈனோக். பெர்னார்டுடைய தாத்தாவின் தாத்தா.

"மெதுவாப் படி" என்றார் பெர்னார்ட். "யாராவது கேட்கப் போறாங்க."

"ஓகோ" என்றார் ஹில்டா. அவர் ஹல் நகரத்துக்காரர். கல்யாணமாகி வந்தவர். "அந்தக் காலத்துல அதுதானே வழக்கம். யாரோ போட்டுட்டுப் போன குழந்தைக்கு ஊர்ப் பேரையோ தெருப் பேரையோ வச்சிடுவாங்க. எங்க தெருவுல போர்ச், அதாவது வாசல்னு பேரு வச்ச ஒரு குடும்பம் இருந்தாங்க. அவங்க முன்னோரும் இப்படி வாசல்ல கிடந்தவர்தானாம். உங்களுக்காவது ஊர்ப் பேரு கிடைச்சுது. வாசல்னு வைக்காம விட்டாங்களே."

"ஊருக்கு எங்க பேருன்னு நினைச்சேன், ஹில்டா. ஊர்ப் பேருதான் எங்களுக்கா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

பெர்னார்டுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. சின்ன வயதில் இந்தக் கல்லைத் தொட்டாலே அப்பா கத்துவார். 'பாசிதான் அழகு, தொடாதே' என்பார். அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தாத்தாவுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே அத்தனை கம்பீரமாக மணி அடித்திருக்கிறார்கள்.

"பேசாம சொல்லிடு பெர்னி" என்றார் ஹில்டா. "மனசை உருக்கற கதைதானே?"

"இருபது வருஷமா கொம்பு வச்ச தொப்பி போட்டுட்டு நின்னிருக்கேன்."

"தெரியும். பாலிஷ் போட்டதே நான்தானே."

"லாட்டிமர் இதைப் படிச்சான்னா முடிஞ்சுது. அனாதைக் குழந்தையோட பேரனுக்கு என்ன உரிமைம்பான். அவன் கையில மணியைக் கொடுத்துட்டு நான் கீழே நின்னு கைதட்டணும்." விழுந்த தூரிகையைப் பொறுக்கினார். "வருஷத்துல ஒரு நாள்தான் ஹில்டா, இந்த ஊர் என்னைப் பார்க்குது."

ஹில்டாவுக்கும் பாவமாகத்தான் இருந்தது. அதனால்தான் அடுத்த கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லித் தொலைத்தார்.

"நம்ம வீட்டுக் கல்தொட்டியில பாசி வரவச்சியே, எப்படி?"

"தயிர் தடவினேன். ஆனா பெர்னி, அது பச்சை பிடிக்கவே ஒரு வருஷம் ஆச்சு."

"நாளன்னிக்குள்ள கொஞ்சமாவது வராதா?"

"தயிருக்கு உன் அவசரம் தெரியாது."

அவர் கேட்கவில்லை. எங்கள் ஊர்க் கடையில் சாதாத் தயிர் தீர்ந்திருந்தது. ஸ்ட்ராபெரி மட்டும்தான் இருந்தது. தயிர் தயிர்தானே என்று எட்டு டப்பாவை அள்ளிக்கொண்டு வந்து, சாயங்காலத்துக்குள் தாமஸ் தோரன்பியை மேலிருந்து கீழ்வரை மெழுகிவிட்டார். கல் இளஞ்சிவப்பு நிறத்தில் நின்றது. எழுத்துகள் மறைந்துவிட்டன. மனசு கொஞ்சம் லேசானது.

வெள்ளிக்கிழமை காலையில் பாசி முளைத்திருக்கிறதா என்று பார்க்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

லாட்டிமருடைய இரண்டு லாப்ரடார் நாய்களும் கல்லை நக்கிக்கொண்டிருந்தன. சும்மா நக்கவில்லை, கடமையாக நக்கின. தூரிகை நுழையாத இடுக்கெல்லாம் நாக்கு நுழைந்திருந்தது. 'பெற்றவர் யாரென்று அறியோம்' என்ற வரி, நேற்றுச் செதுக்கியது போலப் பளபளத்தது.

"போ, போயிடு" என்று பெர்னார்ட் விரட்டினார். ஒரு நாய் அவர் கோட்டையும் சேர்த்து நக்கியது.

வேலிக்கு அப்பால் சீழ்க்கை ஒலி கேட்டது. லாட்டிமர் வந்துகொண்டிருந்தார். பெர்னார்ட் சட்டென்று கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு கல்லில் முதுகு சாய்த்து உட்கார்ந்துவிட்டார்.

"காலங்கார்த்தால இங்க என்ன பண்றீங்க, தோரன்பி?"

"முன்னோர்கிட்ட கொஞ்சம் பேசலாம்னு வந்தேன்."

லாட்டிமர் மூக்கை உறிஞ்சினார். "ஸ்ட்ராபெரி வாசனை வருதே."

"அவருக்கு அது பிடிக்கும்."

லாட்டிமர் எட்டிப் பார்த்தார். "கல்லைச் சுத்தம் பண்ணிட்டீங்க போலிருக்கே. கொஞ்சம் நகருங்க, பார்க்கிறேன்."

"சனிக்கிழமை. எல்லாருக்கும் சேர்த்துத்தான்."

லாட்டிமர் தோளைக் குலுக்கிக்கொண்டு நாய்களை இழுத்துக்கொண்டு போனார். அவர் மறைந்த பிறகும் பெர்னார்டால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. தயிர் பிசின் போல ஒட்டியிருந்தது.

மறைக்க வேண்டும், அவ்வளவுதான். எதனால் மறைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது? பூவால். பெர்னார்ட் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். ஹில்டா பிள்ளை போல வளர்த்த ஹைட்ரேஞ்சியா தொட்டிகள் ஒவ்வொன்றாகக் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தன. நீலமும் வெள்ளையுமாக மதியத்துக்குள் கல் இருந்த இடமே தெரியவில்லை. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, டோரீன் பக்கிள் அம்மாள் ஒரு கூட்டத்தோடு பின்னால் நின்றிருந்தார். டோரீன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

"தாமஸுக்கா இவ்வளவு பூ, கண்ணு?"

"ஆமா" என்றார் பெர்னார்ட். வேறு என்ன சொல்வது?

"உங்க அப்பா செய்யல. தாத்தா செய்யல. இந்தக் குடும்பத்துல ஒருத்தராவது செய்யமாட்டாங்களான்னு ஊரே ஏங்கிட்டிருந்துது."

அவர் பையிலிருந்து ஒரு சிவப்பு ரிப்பன் பூவை எடுத்து நடுத் தொட்டியில் குத்தினார். அப்போதுதான் பெர்னார்டுக்கு ஞாபகம் வந்தது. விழாவுக்கு முந்தின நாள் தேவாலயத்தில் பூ அலங்காரப் போட்டி. பின்னால் நின்றவர்கள் எல்லாம் நடுவர்கள்.

"முதல் பரிசு" என்றார் டோரீன். "கவலைப்படாதீங்க, நாளைக்கு விழா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரையும் இங்கதான் கூட்டிட்டு வரப் போறேன். தொட்டியை லேசாத் தள்ளி வச்சா கல்லையும் படிக்கலாம். வழி தெரிய அம்புக்குறி போட்டுடறேன்."

"அம்புக்குறியா? எதுக்கு, வேண்டாம்."

"என்ன அடக்கம் பாருங்க இவருக்கு" என்றார் டோரீன், மற்றவர்களிடம்.

அன்று வீட்டில் பெர்னார்ட் சாப்பாட்டைத் தொடவில்லை. ஹில்டா காலியான தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தன் பூக்கள் முதல் பரிசு வாங்கியதற்குச் சந்தோஷப்படுவதா, கேட்காமல் எடுத்துப் போனதற்குச் சண்டை போடுவதா என்று அவருக்கு விளங்கவில்லை.

"இன்னும் நேரம் இருக்கு. போய்ச் சொல்லிடு."

"அந்தக் கல் ஏற்கெனவே சாஞ்சுதான் இருக்கு" என்றார் பெர்னார்ட்.

"அதனால?"

"அதனால ஒண்ணும் இல்ல."

எங்கள் பக்கம் கோடையில் இரவு உணவு முடிந்த பிறகும் வெயில் போகாது. அந்த வெளிச்சத்திலேயே அவர் கடப்பாரையோடு போனார். உடைப்பது அவர் எண்ணம் இல்லை. பழைய கல், தானாக முன்னால் விழுந்துவிட்டது என்று இருக்க வேண்டும். முகம் மண்ணைப் பார்க்க வேண்டும். பின்னால் நின்று லேசாக நெம்பினார். கல் கொஞ்சம் யோசித்தது. பிறகு குப்புற விழுந்து, முதல் பரிசு வாங்கிய ஹைட்ரேஞ்சியாக்களின் மேல் படுத்துக்கொண்டது. ஒரு கீறல்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை தேவாலய மணி விடாமல் அடித்தது. நெருப்போ என்று ஊரே ஓடியது. பெர்னார்டும் ஒன்றும் தெரியாதவர் போல ஓடினார். பாதிரியம்மா கில்லியன் விழுந்த கல்லின் பக்கத்தில் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். டோரீன் விம்மி விம்மி அழுதார்.

"யார் இப்படிப் பண்ணினது?" என்றார் பாதிரியம்மா. "தாமஸ் கல்லைப் போய். இந்த ஊர்லயா இப்படி ஒருத்தர்?"

ஊர் மொத்தமும் திரும்பி லாட்டிமரைப் பார்த்தது. லாட்டிமர் அதிர்ந்துபோனார்.

"என்னை ஏன் பார்க்கிறீங்க? நான் படிச்சுப் பார்க்கணும்னு கேட்டேனே தவிர, தள்ளிவிடணும்னா சொன்னேன்?"

"யாரும் பண்ணியிருக்க மாட்டாங்க. பழைய கல்லுதானே" என்றார் பெர்னார்ட் அவசரமாக. "எழுப்பவும் வேண்டாம். பாவம், தாமஸ் நின்னது போதும். கொஞ்சம் படுத்திருக்கட்டும்."

பாதிரியம்மா அவர் கையைப் பற்றிக்கொண்டார். "உங்க மனசு எனக்குப் புரியுது, பெர்னார்ட். ஆனா இப்படிக் குப்புறப் போட்டுட்டுப் போனா மறுபடியும் எவனாவது வருவான். மைதானத்துக்குக் கொண்டுபோய் மேடை பக்கத்துலயே நிறுத்திடுவோம். எல்லார் கண்ணும் மேல இருக்கும். அதைவிடப் பத்திரம் ஏது?"

பெர்னார்ட் வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ டிராக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

டிராக்டர் வந்தது. வைக்கோல் பரப்பிய வண்டியில் கல்லை மல்லாக்கப் படுக்க வைத்து, ஈரம் படாமல் சாக்கைப் போர்த்தினார்கள். ஊர்வலம் கடைத்தெரு வழியே ஊர்ந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மதுக்கடை வாசலில் கோப்பைகள் தாழ்ந்தன. வண்டிக்குப் பின்னால் பெர்னார்ட் தலையைக் குனிந்தபடி நடந்து போனார். அவ்வளவு துக்கமான முகத்தை ஊர் அதுவரை பார்த்ததில்லை. அவர் தோற்கடித்தவர்கள்கூட அன்று மன்னித்துவிட்டார்கள் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

மேடையருகே கல்லை நிமிர்த்தி நிறுத்தினார்கள். சாக்கு நழுவுவதற்குள் பெர்னார்ட் கேக் மேசையிலிருந்து விரிப்பை உருவி அதன்மேல் வீசினார். இரண்டு கேக் கவிழ்ந்தது.

"திரை போட்டுத் திறந்து வைக்கணும்னு ஆசைப்பட்டீங்களா?" பாதிரியம்மாவின் முகம் மலர்ந்தது. "எனக்கு இது தோணவே இல்லையே. செஞ்சிடுவோம்."

ஹில்டா அவர் காதருகே குனிந்தார். "இனிமே ஒண்ணும் பண்ணாதே. கும்பிட்டுக் கேட்கறேன்."

மதியம் மைதானம் நிரம்பியது. வாத்தியக் குழு வாசித்து ஓய்ந்தது. மேடை மேல் வெண்கல மணி வெயிலில் மின்னியது. பெர்னார்ட் அதன் பக்கத்தில் நின்று அதையே பார்த்தார். தொடும் தூரம்தான்.

பாதிரியம்மா மைக்கைத் தட்டினார். "வழக்கத்தைத் தெரிஞ்சுக்கணும்னு லாட்டிமர் ஆசைப்பட்டார். அவரே திறந்து படிக்கட்டும்."

லாட்டிமர் விரிப்பை இழுத்தார். நாய்கள் மெருகேற்றிய எழுத்துகள் கடைசி வரிசைவரை தெரிந்தன. அவர் உரக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் குரல் தாழ்ந்தது. 'பெயரில்லாதவனுக்கு ஊர் தன் பெயரைக் கொடுத்தது' என்பதைப் படித்தபோது அவர் தொப்பி கையில் இருந்தது.



"மன்னிச்சிடுங்க, தோரன்பி" என்றார் லாட்டிமர். "எனக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா கேட்டிருக்கவே மாட்டேன். இதுல ஈனோக்னு இருக்கே, அவர் உங்க தாத்தாவோட தாத்தாதானே?"

பெர்னார்ட் அந்த முகத்தில் இரக்கத்தைக் கண்டார். கேலியைக்கூடத் தாங்கியிருப்பார். கீழே பார்த்தார். ஊரே வைத்த கண் வாங்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் பிஸ்கட்டோடு கேட்ட அதே முகங்கள். இதோ, ஒரு நொடியில் சிரிக்கப் போகிறார்கள். மணியை எடுத்து லாட்டிமரிடம் கொடுக்கப் போகிறார்கள்.

மைக்கைப் பிடுங்கினார்.

"இல்ல" என்றார். "எங்க ஈனோக் வேற ஈனோக்."

ஹில்டா நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"எங்க தாமஸும் வேற தாமஸ். இந்தக் கூடையில கிடந்த ஆளுக்கும் எங்க குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நாங்க தோரன்கிட்ட இருந்து நேரா வந்தவங்க. கப்பல்ல வந்தவங்க."

கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். தேநீர்க் கோப்பை ஒன்று புல்லில் விழுந்தது. எல்லார் முகத்திலும் பேயறைந்த கலவரம். அனாதைக் கதையைக் கேட்டு அதிர்ந்துவிட்டார்கள், நல்லவேளை நாம் முந்திக்கொண்டோம் என்று பெர்னார்ட் எண்ணினார்.

பாதிரியம்மா அவர் அருகே வந்தார். "பெர்னார்ட், யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க இந்தத் தாமஸோட வம்சம் இல்லையா?"

"இல்ல."

"ஊர் முன்னால சொல்றீங்க. ஒரு சொட்டு ரத்தம்கூடவா?"

"ஒரு சொட்டுகூட இல்ல" என்றார் பெர்னார்ட், நெஞ்சை நிமிர்த்தி. "வேணும்னா இந்தக் கல் மேலயே சத்தியம் பண்றேன்." கல்லில் வலது கையை வைத்துச் சத்தியமும் செய்தார். இடது கையால் மணியை எடுத்துக்கொண்டார்.

டோரீன் பக்கிள் அம்மாள் தேநீர்க் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, மேடைக்கு ஏறி வந்து, அவர் கையிலிருந்த மணியை மெல்லப் பிரித்து எடுத்தார்.

"அப்ப இதைக் கொடுத்துடுங்க, கண்ணு. இந்த விழாவே அந்தக் கூடைக் குழந்தைக்குப் பால் வாங்க ஊர் கூடி ஆரம்பிச்சது, மணி அடிக்கிற உரிமை அவன் ரத்தத்துக்கு மட்டும்தான், நீங்க கூச்சப்படுவீங்களேன்னுதான் இத்தனை வருஷமா ஒருத்தரும் உங்ககிட்ட அந்தப் பேச்சையே எடுக்கல."